சங்கக் கிடங்கின் சரளைப் பாதையும் களை ஒழிப்பும்

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் நிலையை அறிய அதன் ஐந்தொகையைப் பார்க்க வேண்டும் என்பது பொதுவிதி. ஐந்தொகையைத் திறக்கும் முன்பே கண்ணில் படுவது மற்றொன்று உண்டு. பெருஞ்சாலையிலிருந்து பிரிந்து சங்கக் கட்டிடம் வரை செல்லும் சரளைப் பாதையே அது. ஊருக்கு வெளியே விலை குறைந்த மனையில் கிடங்கு கட்டிய சங்கங்களுக்கு இத்தகைய நீண்ட பாதை இருப்பது வழக்கம். கட்டிடம் எழும்பிய ஆண்டில் பரப்பிய சரளை, மூன்று நான்கு மழைக்காலம் கடந்ததும் பச்சைப் பாயாகிவிடுகிறது. நடுவில் அருகு, அதன் இருபுறமும் கோரை, ஓரங்களில் பார்த்தீனியம், கிடங்கு வாயிலில் நெருஞ்சி என்று களைகள் தத்தமக்கு இடம் பிடித்துக்கொள்கின்றன.

"பாதைதானே, பயிர் செய்யும் வயலா?" என்று கேட்கும் அங்கத்தினர் உளர். அவர்களுக்காகவே இப்பாடம் எழுதப்படுகிறது. பாதையில் வளரும் களையால் நட்டம் அடைவோர் நாமே என்பதையும், அதனை ஒழிக்கப் பெரும் பணம் தேவையில்லை, ஒழுங்கும் காலமறிந்து செய்யும் வேலையுமே தேவை என்பதையும் இங்கே விளக்குவோம்.

பாதைக் களையால் யாருக்கு நட்டம்?

முதலில் நெசவாளரை எடுத்துக்கொள்வோம். பாவு விரிப்பதற்குரிய பாவடி பல ஊர்களில் இப்பாதையை ஒட்டியே அமைந்திருக்கிறது. விடியற்காலையில் பாவை விரித்துக் கஞ்சி தோய்க்கும் வேலை வெறுங்காலுடன் முன்னும் பின்னும் நடந்து செய்யப்படுவது. அங்கே நெருஞ்சி முள் காலில் தைக்கிறது. நாயுருவியின் விதை துணியிலும் நூலிலும் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய விதையைப் பிடுங்கும்போது அறுகிற இழைகளைத் தேடிப் பிணைக்க எவ்வளவு பொழுது போகும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. ஓரத்துப் புதர் எலிக்கும் பாம்புக்கும் புகலிடமாகிறது. நூல் சிப்பத்தை எலி கடித்தால் அது இருப்புக் குறைவாகக் கணக்கில் ஏறுகிறது.

அடுத்து விவசாயி. பருத்தியும் நிலக்கடலையும் ஏற்றிவரும் வண்டி இப்பாதையின் சேற்றில் ஏறி இறங்கித் திரும்புகிறது. சக்கரத்தில் அப்பிய மண்ணோடு களை விதையும் ஊர் முழுவதும் பயணம் செய்கிறது. பொதுப் பாதையில் ஒரு பார்த்தீனியச் செடி விதைத்தால், அந்த விதை எந்த அங்கத்தினருடைய வயலில் போய் முளைக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. நல்ல விதையும் உரமும் விநியோகிப்பதற்காக அமைந்த சங்கம், களை விதையையும் கட்டணமின்றி விநியோகம் செய்வது முறையாகுமா?

பார்த்தீனியத்தால் வரும் தீங்கு வயலோடு நிற்பதில்லை. அதனைத் தொட்டுப் பழகுவோரில் சிலருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் உண்டாகின்றன. அதன் பூந்தூளால் மூச்சிரைப்பு வருவோரும் உண்டு. இந்தியாவில் 1955-ஆம் ஆண்டில் பூனாவில் கண்டறியப்பட்ட இச்செடி, இன்று நம் ஊர்ப்புறத்துத் தரிசு நிலங்களிலெல்லாம் பரவி நிற்கிறது. முளைத்த சில வாரங்களிலேயே பூக்கிறது. செழித்த செடி ஒன்று பதினாயிரத்திற்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்க வல்லது.

சரளையில் களை எவ்வாறு வளர்கிறது?

சரளைக்கல் செடிக்கு உணவாவதில்லை. புதிதாகப் பரப்பிய சுத்தமான கல்லில் முதல் ஆண்டு களை அரிதாகவே தோன்றுகிறது. பிறகு காற்றில் வரும் புழுதி, சாணம், வைக்கோல் துணுக்கு, கடலைத் தொலி, மரத்திலிருந்து விழும் சருகு, மழைநீர் அடித்துவரும் வண்டல் ஆகியவை கல்லிடுக்குகளில் தங்குகின்றன. இவை மக்கி மண்ணாகி ஈரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அந்த மண்ணில் விதை விழுந்து முளைக்கிறது. ஆகவே சரளைப் பாதையில் காணும் செடிகளில் பெரும்பாலானவை மேலிருந்து வந்தவை. கீழிருந்தும் ஓரத்திலிருந்தும் வருபவை கோரையும் அருகும் போன்ற சிலவே. இந்த உண்மையை அறியாதவர்கள், செடியைப் பிடுங்கிவிட்டு மண்ணை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே செடி நிற்கிறது.

விதையின் ஆயுளையும் நாம் அறிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வில்லியம் பீல் என்ற தாவரவியல் பேராசிரியர், 1879-ஆம் ஆண்டில் இருபத்தொரு வகைச் செடிகளின் விதைகளை மணலோடு கலந்து இருபது புட்டிகளில் இட்டுப் புதைத்தார். குறித்த காலத்திற்கொருமுறை ஒரு புட்டி தோண்டி எடுக்கப்பட்டு விதைக்கப்பட்டு வருகிறது. 2021-ஆம் ஆண்டில் எடுத்த புட்டியிலும் சில விதைகள் முளைத்தன. எல்லா விதையும் இவ்வளவு காலம் உயிர்வாழ்வதில்லை. பெரும்பாலானவை சில ஆண்டுகளில் அழிந்துபோகின்றன. எனினும் இச்சோதனை நமக்குக் கற்பிக்கும் பாடம் தெளிவானது. ஒரு பருவத்தில் விதைக்க விட்ட களை பல பருவங்களுக்குக் கடனாகி நிற்கும். அசலும் வட்டியும் சேர்ந்து வளரும் கடனை நாம் அறிவோம். களையும் அவ்வகையைச் சேர்ந்ததே.

மூன்றாவது காரணம் நீர். பாதை தட்டையாகவோ குழிவாகவோ இருந்தால் மழைநீர் அதன் மேல் தேங்கி வண்டலைப் படியவிடுகிறது. 1816-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரச் சாலைகளுக்குப் பொறுப்பேற்ற மெக்காடம், சாலையின் பாரத்தைத் தாங்குவது அடியிலுள்ள மண்ணே என்றும், அது நனையாமல் காப்பதே சாலை அமைப்பவரின் முதற்கடமை என்றும் வற்புறுத்தினார். நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிந்த பாதையில் நீர் தங்காது. நீர் தங்காத இடத்தில் களைக்கும் வசதி குறைவு. மீட்டருக்கு 4 சென்டிமீட்டர் சரிவு போதுமானது. 3 மீட்டர் அகலமுள்ள பாதையில் நடுப்பகுதி ஓரத்தைவிட 6 சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

களைகளை இனம் பிரித்தல்

எல்லாக் களைக்கும் ஒரே வைத்தியம் பலிக்காது. பாதையில் வளர்பவற்றை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் வேலை எளிதாகும்.

முதல் வகை, விதையிலிருந்தே முளைத்து ஒற்றை வேரூன்றி நிற்பவை. சாரணை, நெருஞ்சி, குப்பைமேனி, அம்மான் பச்சரிசி, பார்த்தீனியம் ஆகியவை இதில் அடங்கும். இவற்றை வேர்க்கழுத்துக்குச் சற்றுக் கீழே வெட்டினால் போதும். பூப்பதற்கு முன் வெட்டுவது முக்கியம். நெருஞ்சி தரையோடு படர்வதால் மேலாக அரிவாள் வீசுவதில் பயனில்லை; நடுவேரைக் கண்டுபிடித்து அறுத்துக் கொடியை முழுவதாகச் சுருட்டி எடுக்க வேண்டும். அதன் காய் முற்றியதும் ஐந்து முட்துண்டுகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு துண்டினுள்ளும் சில விதைகள் இருக்கின்றன. உதிர்ந்த முட்களைப் பொறுக்க எளிய வழி ஒன்று உண்டு. பழைய கோணிச் சாக்கை விரித்து, அதன் மேல் சிறிது பாரம் வைத்து, பாதை நெடுக இழுத்துச் செல்ல வேண்டும். முட்கள் சாக்கில் குத்தி ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாம் வகை அருகு. தரைமேல் ஓடும் தண்டாலும் மண்ணுக்குள் ஓடும் தண்டாலும் இது பரவுகிறது. மண்வெட்டியால் கொத்தித் துண்டு துண்டாக்கினால் ஒவ்வொரு கணுவும் ஒரு புதுச் செடியாகலாம். கொத்தியவற்றை வாரியெடுத்துக் கோடை வெயிலில் உலர்த்தினாலன்றி இது ஒழியாது.

மூன்றாம் வகை கோரை. பாய் முடையும் கோரை வேறு. இது அந்த இனத்தைச் சேர்ந்த சிறு கோரை. மண்ணுக்குள் சங்கிலி போல் கிழங்குகளைக் கோத்துக்கொண்டு வாழ்வது. 1977-ஆம் ஆண்டில் லெராய் ஹோம் என்ற அறிஞரும் அவருடைய தோழர்களும் உலகின் கொடிய களைகளை வரிசைப்படுத்தி ஒரு நூல் வெளியிட்டார்கள். அதில் முதலிடம் கோரைக்கும் இரண்டாமிடம் அருகுக்கும் கொடுக்கப்பட்டது. இவ்விரண்டும் நம் பாதையில் அருகருகே குடியிருக்கின்றன என்றால் அவற்றை இலேசாக நினைப்பதற்கில்லை. கோரையைக் கையால் இழுத்தால் இலை வந்துவிடுகிறது, கிழங்கு தங்கிவிடுகிறது. ஆனால் புதிய இலை விடும் ஒவ்வொரு முறையும் கிழங்கு தன் சேமிப்பிலிருந்து செலவிடுகிறது. இலை தழைத்துச் சேமிப்பைத் திருப்பிக் கட்டும் முன்னர், இரண்டு மூன்று வாரங்களுக்கொருமுறை விடாமல் சுரண்டிவந்தால் கிழங்கு நாளடைவில் ஓய்ந்துபோகிறது. ஒருமுறை செய்துவிட்டு மூன்று மாதம் மறந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கோடையில் கிழங்கை மேலே புரட்டிக் காயவிட்டாலும் அது சாகும். நிழலும் அதற்கு ஆகாது.

பாதையில் இடத் தகாதவை

களையின் மேல் கோபங்கொண்டு கையில் கிடைத்ததையெல்லாம் ஊற்றும் பழக்கம் சில இடங்களில் உள்ளது. அதனால் விளையும் கேடு களையினும் பெரிது.

உப்பு முதலாவது. உப்பிட்டால் செடி கருகுவது உண்மையே. அடுத்த மழையில் அந்த உப்பு கரைந்து ஓரத்து வயலுக்கும் கிணற்றுக்கும் போகிறது. களர் ஏறிய நிலத்தைச் சீர்செய்ய ஆகும் செலவை விவசாயி அறிவார். நீரின் தன்மை மாறினால் சாயத்தின் நிறம் மாறுவதை நெசவாளர் அறிவார். சாயத்தொட்டியின் கழிவு நீரைக் "களைக்காவது உதவட்டும்" என்று பாதையில் கொட்டுவதும் இதே குற்றம்தான். அதிலும் உப்பு நிறைய உள்ளது. சாயக் கழிவால் நொய்யல் ஆற்றுப் பாசன நிலங்கள் பட்ட துன்பத்தையும், 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் நாம் மறந்துவிடலாகாது. நெசவாளரும் விவசாயியும் ஒரே சங்கத்தில் அங்கம் வகிக்கும்போது, ஒருவர் கழிவு மற்றவர் கிணற்றில் சேருவதைச் சங்கப் பாதையே செய்து கொடுக்கக் கூடாது.

தீ இரண்டாவது. உலர்ந்த களைக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவது, பருத்தியும் நூலும் நிறைந்த கிடங்கின் அருகே எவ்விதத்திலும் அனுமதிக்கத்தக்கதன்று.

மூன்றாவது களைக்கொல்லி மருந்து. இதனை அறவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதனைப் பற்றிச் சில உண்மைகளை நிர்வாகக் குழுவினர் அறிந்த பின்னரே வாங்க வேண்டும்.

2,4-டி என்ற மருந்து அகன்ற இலைக் களைகளைக் கொல்வது. பருத்திச் செடி இதற்கு மிகவும் அஞ்சும். காற்றில் மிதந்து வரும் சிறு துளியும், கழுவாத தெளிப்பானில் எஞ்சிய மருந்தும் பட்டாலே பருத்தி இலை வெண்டை இலை போல் விரல்விரலாகப் பிளந்து நீண்டுவிடும். பூவும் காயும் பாதிக்கப்படும். பாதையோரம் பருத்தி வயல் இருக்கும் ஊரில் இதனைத் தெளிப்பது, அங்கத்தினர் ஒருவரின் ஆண்டு வருவாயைப் பணயம் வைப்பதாகும்.

பாராகுவாட் என்ற மருந்து வயிற்றுக்குள் சென்றால் அதற்கு மாற்று மருந்து இல்லை. அதனைச் சிறு புட்டிகளில் ஊற்றிக் கிடங்கு மூலையில் வைப்பது உயிரோடு விளையாடுவதாகும். பிள்ளைகள் வந்துபோகும் சங்க வளாகத்தில் இம்மருந்திற்கு இடமே கொடுக்கலாகாது என்பது நம் கருத்து.

கிளைபோசேட் இலை வழியாக வேருக்கும் கிழங்குக்கும் இறங்குவது; கோரைக்கும் அருகுக்கும் பயன்படுவது இதனால்தான். எனினும் மண்ணைத் தொட்டதும் அது மண்ணோடு பிணைந்து செயலிழக்கிறது. கலங்கல் நீரில் கலந்தாலும், புழுதி படிந்த இலையில் தெளித்தாலும் பலன் குறைகிறது. சரளைப் பாதையோரத்து இலையில் புழுதி இல்லாத நாள் ஏது? மண்ணிலுள்ள விதையையும் அது தடுப்பதில்லை. ஆதலின் ஒரு மாதத்தில் புதுக் களை வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2015-ஆம் ஆண்டில் இதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் இரண்டாம் படியில் வைத்தது. 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு பிறப்பித்த ஆணை, பூச்சி ஒழிப்புத் தொழில் செய்வோர் வழியாகவன்றி எவரும் இதனைப் பயன்படுத்தலாகாது என்று விதித்தது. இத்தகைய ஆணைகள் அவ்வப்போது மாறக்கூடுமாதலால், எம்மருந்தாயினும் வாங்குமுன் வேளாண்மை விரிவாக்க மையத்தில் நடப்பு விதியைக் கேட்டறிவதும், 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி புட்டியில் ஒட்டியுள்ள சீட்டை வாசித்து அதன்படி நடப்பதும் குழுவின் கடமை.

வேலையின் அளவும் முறையும்

பாதை 200 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர். சக்கரம் ஓடும் தடம் இரண்டும் 60 சென்டிமீட்டர் அகலம் கொண்டவையாயின் அவற்றின் பரப்பு 240 சதுர மீட்டர். அங்கே களை இல்லை. வண்டியே அதனை மிதித்து ஒழிக்கிறது. எஞ்சியது 360 சதுர மீட்டர். அதில் பாதி நடுப்பட்டை, பாதி இரு ஓரங்கள். இவ்வாறு அளந்து பார்த்தால், மலைபோல் தோன்றிய வேலை பத்து சென்ட் நிலத்திற்கும் குறைவானது என்பது விளங்கும்.

இரண்டு இலை, நான்கு இலைப் பருவத்தில் உள்ள களையைச் சுரண்ட இருவருக்கு ஒரு காலைப்பொழுது போதும். அதே களை முழங்கால் உயரம் வளர்ந்து வேர் இறுகிய பின் பல ஆட்களுக்குப் பல நாள் கூலி கொடுக்க நேரும். ஆகவே முதல் விதி: சிறியதாயிருக்கும்போது செய்க, அடிக்கடி செய்க.

இரண்டாம் விதி, பாதையின் தன்மைக்கேற்ற கருவி. சரளையில் இரு வகை உண்டு. செம்மண் கலந்து இறுகிய சரளைப் பாதையில் ஆழமாகக் கொத்தக் கூடாது. கொத்தினால் இறுக்கம் குலைந்து புதைந்த விதை மேலே வரும். அங்கே மண்வெட்டியைச் சாய்த்துப் பிடித்து மேலாகச் சுரண்ட வேண்டும். பிறகு நனைத்து உருளை ஓட்டி இறுக்க வேண்டும். மண் கலவாத உதிரி ஜல்லிப் பாதையில் இரும்புப் பல்வாரியால் கல்லை மேலும் கீழுமாகக் கிளறினால் முளை வேரற்று வெயிலில் காய்ந்துவிடும். வெயில் ஏறும் காலைப்பொழுதில் இதனைச் செய்ய வேண்டும். மழை வரும் அறிகுறி இருந்தால் தள்ளிப்போடுவது நலம்.

மூன்றாம் விதி, சுரண்டியதை அங்கேயே விடலாகாது. செடியோடு மண்ணையும் சருகையும் பெருக்கி வெளியேற்ற வேண்டும். பூக்காத செடி எருக்குழிக்கு ஆகும். பூத்த பார்த்தீனியத்தை எருக்குழியில் இடக்கூடாது. அதனைப் பிடுங்குவோர் கையுறை அணிந்து மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். ஒவ்வாமை உள்ளவரை இவ்வேலைக்கு அனுப்பலாகாது.

நான்காம் விதி, ஓரத்தைக் காத்தல். இருபுறமும் ஒரு மண்வெட்டி அகலத்தில் சிறு வாய்க்கால் எடுத்தால் அது நீரையும் வடிக்கும். வயலிலிருந்து வரும் அருகையும் கோரையையும் தடுத்து நிறுத்தும். ஆண்டுக்கு இருமுறை வாய்க்காலைச் செப்பனிட வேண்டும்.

நடுப்பட்டையைக் குறித்து ஒரு சொல். அதனை முழுவதும் வெறுந்தரையாக வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அருகு மட்டும் அடர்ந்து நிற்குமாயின், அதனை மாதம் ஒருமுறை தரையொட்ட அறுத்து மாட்டுக்குத் தீவனமாக்கலாம். அடர்ந்த அருகு மற்றக் களைகளை முளைக்கவிடாது. மழையில் மண் அரிப்பையும் தடுக்கும். இவ்வாறு செய்தால் நாம் சுரண்ட வேண்டிய பரப்பு பாதியாகிறது. ஆனால் அது ஓரத்தைத் தாண்டி வயலுக்குச் செல்லாதபடி வாய்க்கால் இருத்தல் அவசியம். பாவடியை ஒட்டிய பகுதியில் மட்டும் எதையும் விட்டுவைக்காமல் பெருக்கி வைப்பதே நன்று.

புதிதாகப் பாதை போடும் சங்கங்கள் மண்ணுக்கும் சரளைக்கும் இடையே தென்னை நாரால் நெய்த கண்ணித் துணியை விரிப்பதைப் பற்றிச் சிந்திக்கலாம். 2020-ஆம் ஆண்டில் மத்திய அரசின் ஊரகச் சாலைத் திட்டத்தில் இத்துணியைப் பயன்படுத்த ஒப்புதல் அளிக்கப்பட்டு, ஏழு மாநிலங்களில் 1,674 கிலோமீட்டர் சாலைக்குத் திட்டமிடப்பட்டது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 369 கிலோமீட்டர். கல் மண்ணுக்குள் புதையாமல் இது காக்கிறது. சில ஆண்டுகளில் மக்கிவிடும் என்பதையும், மேலே படியும் புழுதியில் முளைக்கும் களையை எந்தத் துணியும் தடுக்காது என்பதையும் மறக்கலாகாது. பெருக்கும் வேலை எப்போதும் உண்டு.

பருவத்திற்கேற்ற வேலைகள்

சித்திரை, வைகாசியில்: கோரைக் கிழங்கையும் அருகின் தண்டையும் புரட்டிக் காயவிடுதல், பள்ளங்களை நிரப்பிச் சரிவைச் சரிசெய்தல், தேவையான இடத்தில் புதுச் சரளை இடுதல். 600 சதுர மீட்டரில் 2 சென்டிமீட்டர் கனத்திற்குப் பரப்ப 12 கன மீட்டர் வேண்டும்.

ஆடியில்: காற்று அடித்துவந்த புழுதியையும் சருகையும் பெருக்குதல், கோடைமழைக்கு முளைத்தவற்றை விதைக்குமுன் சுரண்டுதல், வாய்க்காலைத் திறத்தல்.

புரட்டாசி முதல் கார்த்திகை வரை: வடகிழக்குப் பருவமழை காலமாதலால் இதுவே முக்கியமான பருவம். ஒவ்வொரு நல்ல மழைக்கும் பின் பத்துப் பதினைந்து நாட்களுக்குள் ஒரு சுரண்டல். ஈரமண்ணில் பார்த்தீனியம் வேரோடு எளிதில் வரும்.

மார்கழி, தையில்: தப்பிப் பிழைத்தவற்றைப் பிடுங்குதல், நெருஞ்சி முள்ளைச் சாக்கிழுத்து அகற்றுதல், வாய்க்காலில் படிந்த வண்டலை எடுத்தல். மாசி, பங்குனியில் வேலை குறைவு, கருவிகளைப் பழுதுபார்க்கலாம்.

பொறுப்பை நிர்ணயித்தல்

இனி முக்கியமான செய்திக்கு வருகிறோம். தன் வயலில் ஒரு களையையும் பொறுக்காத விவசாயி, தன் பாவில் ஒரு தூசியையும் பொறுக்காத நெசவாளர், இருவரும் சங்கப் பாதையிலுள்ள நெருஞ்சியைத் தாண்டி நடந்து போகிறார்கள். எல்லோருக்கும் உரியது என்பதால் அது எவருடைய வேலையும் ஆகாமல் போகிறது. கூட்டுறவின் நோய்களில் இதுவே பழமையானது. பாதையில் மட்டுமன்று, கடன் வசூலிலும் பொதுக்குழுக் கூட்டத்து வருகையிலும் இதே நோயைத்தான் நாம் காண்கிறோம்.

கணக்குப் புத்தகத்திலும் இந்நோயின் அடையாளம் உண்டு. "சில்லறைச் செலவு" என்ற தலைப்பில் ஆண்டுதோறும் களைக்கொல்லி வாங்கிய பற்றுச்சீட்டு இருக்கும். ஆட்கூலி இராது, சரளை வாங்கிய செலவும் இராது. நிர்வாகக் குழுவின் தீர்மானமும் இராது. களை அதிகமாகிக் கண்ணை உறுத்தும்போது யாரோ ஒருவர் வாங்கிவந்து தெளித்த செலவு அது. இவ்வாறு செலவிடும் பணம் களையை ஒழிப்பதில்லை. ஒரு மாதம் மறைத்து வைக்கிறது.

இதற்கு மாற்று எளியது. வரவு செலவுத் திட்டத்தில் "பாதைப் பராமரிப்பு" என்று தனித்தலைப்பு ஏற்படுத்தி, ஆட்கூலிக்கும் சரளைக்கும் சிறு தொகை ஒதுக்க வேண்டும். பாதையைப் பகுதிகளாகப் பிரித்து எல்லைக்கல் நட்டு, ஒவ்வொரு பகுதியையும் சில அங்கத்தினர் குடும்பங்களின் மேற்பார்வையில் விட வேண்டும். நாற்பது குடும்பங்கள் உள்ள சங்கத்தில் 200 மீட்டர்ப் பாதை குடும்பத்திற்கு 5 மீட்டர்தான். உடலுழைப்புத் தர இயலாத முதியோரிடம் பதிவேட்டையும் கருவிகளையும் ஒப்படைக்கலாம். ஏழை அங்கத்தினரிடம் ஊதியமின்றி வேலை வாங்கி, வசதியுள்ளோர் மேற்பார்வை மட்டும் செய்யும் ஏற்பாடு கூட்டுறவாகாது. கூலி கொடுக்க வேண்டிய வேலைக்குக் கூலி கொடுத்தே தீர வேண்டும். பதிவேட்டில் தேதி, செய்த வேலை, ஆட்கள், செலவு ஆகிய நான்கு பத்திகள் போதும். மாதக் கூட்டத்தில் அதனை வாசித்துப் பதிவு செய்தால், அடுத்த நிர்வாகக் குழு மாறினாலும் வேலை நிற்காது.

முதல் ஆண்டில் வேலை கடினமாகவே தோன்றும். இரண்டாம் ஆண்டில் விதை குறையும். மூன்றாம் ஆண்டில் பெருக்குவதே பெரும்பகுதி வேலையாகும். இடையில் ஒரு மழைக்காலம் தவறவிட்டால் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வேண்டிய கேள்விகள்

1. நம் சங்கப் பாதையின் நீளம், அகலம், சக்கரத் தடம் நீங்கலாகக் களை வளரும் பரப்பு ஆகியவை எவ்வளவு? நேரில் அளந்து எழுதுக.

2. அதில் வளரும் களைகளைப் பாடத்தில் கூறிய மூன்று வகைகளாகப் பிரித்துப் பட்டியலிடுக. எவை இப்போது பூத்துள்ளன?

3. மழைநீர் பாதையின் எந்த இடத்தில் தேங்குகிறது? அது வடிந்து சேரும் வயலும் கிணறும் யாவை?

4. பாதையோரம் பருத்தி பயிரிடும் அங்கத்தினர் உளரா? அங்கே இதுவரை என்ன மருந்து தெளிக்கப்பட்டது? காலிப் புட்டிகள் எங்கே உள்ளன?

5. கடந்த மூன்று ஆண்டுகளில் பாதைக்காகச் சங்கம் செலவிட்ட தொகை எவ்வளவு, எந்தத் தலைப்பில்? அதே தொகையை ஆட்கூலியாகச் செலவிட்டிருந்தால் எத்தனை முறை சுரண்டியிருக்கலாம்?

இக்கேள்விகளுக்குரிய விடைகளை எழுதி, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அடுத்த முறை ஆய்வுக்கு வரும்போது ஐந்தொகையோடு இப்பதிவேட்டையும் நாம் பார்வையிடுவோம்.